சிஸ்டர் பதில்கள்: முதல் வேலைக்கு யாருக்கு எழுதுவது?

செவிலியராகவும் பின்னர் செவிலியர் கண்காணிப்பாளராகவும் பணியாற்றி ஓய்வுபெற்று, தற்போது குன்னூரில் வசித்துவரும் நமது பத்தியாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, படிப்பை முடித்துவிட்டு முதல் வேலை தேடும் மலைப்பகுதி வாசகர்களுடையவை.

வாசகி, மஞ்சூர்

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம். கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, செவிலியர் கவுன்சில் பதிவும் பெற்றுவிட்டேன். கடந்த இரண்டு மாதங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, உதகை எனப் பல ஊர்களிலுள்ள முப்பத்திரண்டு மருத்துவமனைகளுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்து 'தேவைப்படும்போது அழைக்கிறோம்' என்று பதில் வந்தது. மற்ற இடங்களிலிருந்து அதுவும் இல்லை. எங்கள் ஹட்டியில் (படகர் கிராமத்தில்) நர்சிங் படித்த முதல் பெண் நான் என்பதால், 'வேலை எப்போது' என்று கேட்காதவர்கள் இல்லை. விண்ணப்பத்தின் நகலை இணைத்துள்ளேன். இதில் என்ன குறை?

பதில்: உங்கள் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். அது இப்படித் தொடங்குகிறது: 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, புகழ்பெற்ற தங்கள் மருத்துவமனையில் செவிலியர் பணியிடம் காலியாக இருப்பதாக அறிகிறேன். நான் கடின உழைப்பாளி. எந்த வார்டிலும் பணிபுரியச் சித்தமாக இருக்கிறேன்.' நான் பணியில் இருந்தபோது என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இதே மூன்று வாக்கியங்களோடுதான் வந்தன. சிலவற்றில் எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் இருந்ததால், அவை எல்லாம் ஒரே கடையில் டைப் செய்யப்பட்டவை என்று என்னால் சொல்லிவிட முடிந்தது. அவற்றை எழுதிய பெண்களில் நல்ல செவிலியர்களும் இருந்திருப்பார்கள்; ஆனால் யார் யார் என்று கண்டுபிடிக்க அந்தத் தாளில் எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

முதலில், யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்ப்போம். 'ஐயா/அம்மா' என்று சாய்கோடு போட்டிருப்பதிலேயே, இதைப் படிக்கப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. கோவையிலுள்ள பெரிய மருத்துவமனைகளில் எச்.ஆர். பிரிவு விண்ணப்பங்களைத் திரட்டி, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று வடிகட்டும். அங்கேயும் இறுதியில் 'இவர் வேண்டும்' என்று சொல்பவர் பெரும்பாலும் நர்சிங் சூப்பரிண்டெண்டாகவே இருப்பார். நம் மலையிலுள்ள முப்பது, ஐம்பது படுக்கை மருத்துவமனைகளில் எச்.ஆர். என்ற பலகையே இருக்காது. அவர்களுடைய மின்னஞ்சலைக் கணக்கரோ வரவேற்பில் இருப்பவரோ பில் வேலைகளுக்கு நடுவே எப்போதாவது திறந்து பார்ப்பார். உங்கள் விண்ணப்பம் மருந்துக் கம்பெனி விலைப்பட்டியல்களுக்குக் கீழே போய்விடும். ஆகவே மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, செவிலியர் பொறுப்பாளரின் பெயரையும், விண்ணப்பத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அழைக்கும் நேரமும் முக்கியம். காலை ஏழரை முதல் எட்டரை வரை நைட் டியூட்டி ஒப்படைப்பு நடக்கும். அதன் பிறகு பதினொன்றரை வரை டாக்டர் ரவுண்ட்ஸ், அதைத் தொடர்ந்து டிஸ்சார்ஜ், மதியம் மீண்டும் டியூட்டி மாற்றம். இந்த நேரங்களில் அழைப்பவர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் இடைஞ்சலாகத்தான் தெரிவார். மதியம் இரண்டரைக்கு மேல் நான்கு மணிக்குள், வார்டு சற்று அடங்கி, செவிலியர் பொறுப்பாளரான மேட்ரன் ஒரு டீயோடு உட்காரும் வேளையில் அழைத்தால் இரண்டு நிமிடமாவது உங்களுக்குக் கிடைக்கும்.

அடுத்து, என்ன எழுதுவது. உங்கள் பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில், பொழுதுபோக்குகளுக்குக் கீழே, இறுதியாண்டில் ஆறு வாரம் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததாக ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியாக வந்திருக்க வேண்டிய செய்தி அது. 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஹட்டியில் வளர்ந்த உங்களுக்குப் படகா மொழி தெரியாமல் இருக்காது. வீட்டுப் பேச்சுதானே, இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டீர்கள் போலும். உதகையிலும் கோத்தகிரியிலும் நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு கொண்டுவரப்படும் ஒரு மூதாட்டிக்குத் தன் வலி எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்பதைத் தன் மொழியில்தான் சரியாகச் சொல்ல வரும். அந்த நேரத்தில் வார்டில் அந்த மொழி புரிந்த ஒரு செவிலியர் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று மலையில் வேலைபார்த்த எந்த மேட்ரனும் அறிவார்.

உங்கள் கடிதத்தை நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்பதைக் கீழே தருகிறேன். இதை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். பொருள் விளங்குவதற்காகத் தமிழில் தந்திருக்கிறேன்.

'மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் மருத்துவமனையில் மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் இயங்குவதை அறிந்து இக்கடிதத்தை எழுதுகிறேன். இறுதியாண்டுப் பயிற்சியில் ஆறு வாரம் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். எடை குறைந்த குழந்தைகளுக்குக் குழாய்வழிப் பாலூட்டுவதையும், மஞ்சள் காமாலைக்காக ஒளிச்சிகிச்சையில் வைக்கப்பட்ட குழந்தைகளைக் கண்காணிப்பதையும் மேற்பார்வையில் செய்திருக்கிறேன். பச்சிளங்குழந்தைகளுக்குத் தனியாக ஐ.வி. லைன் போடும் அளவுக்கு இன்னும் கை பழகவில்லை. தமிழ், ஆங்கிலத்தோடு படகா மொழியும் பேசுவேன். கவுன்சில் பதிவு முடிந்துள்ளது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறேன். தகவல் கிடைத்த பதினைந்து நாட்களில் சேர முடியும், தங்குமிடம் தேவைப்படும். நேரில் வந்து பார்க்க எந்த நாள் வசதிப்படும் என்று தெரிவித்தால் வருகிறேன்.'

அதில் நான் எழுதியவற்றை அப்படியே நகலெடுக்காமல், நீங்கள் உண்மையில் செய்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'கை பழகவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் உங்களுக்குத் துணுக்கென்றிருக்கும் என்று தெரியும். புதிதாகப் படித்துவந்த பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்காது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. எது தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதைத்தான் பார்ப்போம். ஒருமுறை, எல்லா மருந்துகளும் கொடுத்துப் பழகியிருப்பதாக எழுதி வந்த ஒருவரிடம், நேர்காணலில் ஒரு பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நீட்டி இதை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். சிரிஞ்சில் எடுத்து நேராக ஐ.வி.யில் போடுவேன் என்றார். அதை நீர்க்கச் செய்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அடுத்து வந்த பெண், 'நான் இதைத் தனியாகக் கொடுத்ததில்லை சிஸ்டர், சீனியரிடம் கேட்காமல் தொடமாட்டேன்' என்றார். அவரை அன்றே எடுத்துக்கொண்டோம்.

முப்பத்திரண்டு இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பியதற்குப் பதிலாக, எட்டோ பத்தோ மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன பிரிவுகள் உள்ளன என்று விசாரித்து, அதற்கேற்ப முதல் பத்தியை மாற்றி எழுதுங்கள். பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் ஒருமுறை தொலைபேசியில் நினைவூட்டலாம். அதற்கு மேலும் அசைவில்லை என்றால், அருகிலுள்ள ஊர்களுக்கு நகல்களோடு நேரிலேயே போய்விடுங்கள். மலையில் இது தவறாகக் கருதப்படுவதில்லை. ஒரு மேட்ரனிடம் இடமில்லாவிட்டாலும், பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார் என்ற செய்தி அவரிடம் இருக்கும்.

வாசகர், தேவாலா

வணக்கம் அம்மா. நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மகள் மைசூரில் மூன்றாண்டு ஜி.என்.எம். (செவிலியர், மகப்பேறு பட்டய) படிப்பை முடித்திருக்கிறாள். பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் உடனே வந்து சேரச் சொல்கிறார்கள், வீட்டிலிருந்தே போய்வரலாம். கோவைக்குப் போனால்தான் எதிர்காலம் என்று அவளுடைய தோழிகள் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: ஐயா, அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மகள் கர்நாடகத்தில் படித்திருப்பதால் அவருடைய பதிவு முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் செவிலியராகப் பணிபுரிய, அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதியிலிருந்து மைசூருக்கும் கேரளத்துக்கும் போய்ப் படித்த பிள்ளைகள் பலர், வேலைக்கான அழைப்பு வந்த பிறகே இதைத் தெரிந்துகொண்டு ஓடுகிறார்கள். இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

எஸ்டேட் டிஸ்பென்சரியை நான் குறைவாக மதிப்பிடவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியதால் ஏற்பட்டவை அவை. பல தலைமுறைத் தொழிலாளர்களின் காய்ச்சலையும் காயத்தையும் பார்த்தவை. ஆனால் மருத்துவர் வாரத்தில் சில நாள் மட்டுமே வந்துபோகும் ஓரிடத்தில், தவறினால் திருத்தச் சீனியர் ஒருவரும் இல்லாமல், மாத்திரையும் கட்டும் போட்டுக்கொண்டிருப்பது முதல் வேலைக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு ஆண்டுகளில் கற்கும் பழக்கங்கள் கையில் அப்படியே தங்கிவிடும்.

அதற்காகக் கோவைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் பக்கத்திலேயே கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனை இயங்கிவருகிறது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகங்களைச் சேர்ந்த பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியர்களாக்கியது அந்த அமைப்பு. அந்தப் பகுதியில் அரிவாள் செல் இரத்தசோகை (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்) உள்ள நோயாளிகளைக் கவனிக்கும் அனுபவமும் அங்கே உண்டு. அத்தகைய நோயாளிக்கு வலி நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்பதைப் பெருநகர மருத்துவமனையில் ஓராண்டு இருந்தாலும் ஒருவர் நேரில் பார்க்காமல் போகலாம். கோத்தகிரி மெடிக்கல் ஃபெல்லோஷிப் மருத்துவமனை போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம். சிறிய மருத்துவமனையில் காலையில் பிரசவமும் மதியம் பாம்புக்கடியும் இரவில் மாரடைப்பும் ஒரே செவிலியரின் கைக்கு வரும்.

ஜி.என்.எம். படித்தவர் என்பதால் ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எய்ம்ஸ் நிறுவனங்களின் நர்சிங் ஆஃபீசர் தேர்வை எழுத, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு முன்னனுபவம் கேட்பதில்லை, ஜி.என்.எம். முடித்தவர்களோ குறைந்தது ஐம்பது படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு மருத்துவமனை அனுபவம் கேட்பார்கள். ஆகவே எங்கே சேர்ந்தாலும் அங்குள்ள படுக்கைகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டறிந்து, விலகும்போது அனுபவச் சான்றிதழில் அந்த எண்ணிக்கையும் பணியாற்றிய பிரிவும் தேதிகளும் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசகி, கொடைக்கானல்

தேர்வு முடிவு வந்துவிட்டது; கவுன்சில் பதிவு இன்னும் வரவில்லை. இப்போதே விண்ணப்பிக்கலாமா? ஒரு மருத்துவமனையில், பதிவு வரும்வரை சம்பளமில்லாமல் 'டிரெய்னி'யாக இருக்கச் சொல்கிறார்கள்.

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். பதிவுக்கு விண்ணப்பித்த நாளையும் விண்ணப்ப எண்ணையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ் நகலை இணையுங்கள். ஆனால் பதிவு இல்லாமல் செவிலியராக ஒரு டியூட்டிகூடப் பார்க்கக் கூடாது. சம்பளமில்லாத டிரெய்னி என்ற பெயரில் உங்களைத் தனியாக நைட் டியூட்டியில் நிறுத்தி, ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால், கேஸ் ஷீட்டில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். அந்த இடம் வேண்டாம். இடைப்பட்ட வாரங்களில் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்காவிட்டால் முதல் தவணையை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்; மூன்றாம் தவணை ஆறாவது மாதத்தில்தான் வரும் என்பதால் தள்ளிப்போடக் கூடாதது அது.

வாசகி, கோத்தகிரி

சமவெளியில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு இடையில் விலகமாட்டேன் என்று பாண்ட் எழுதித்தர வேண்டும், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். சரிதானா?

பதில்: சரிபார்ப்பதற்காக அசலைக் காட்டலாம்; அவர்கள் பார்த்து, நகலில் கையெழுத்திட்டுக்கொண்டு, அப்போதே திருப்பித்தர வேண்டும். விட்டுவிட்டு வருவது வேறு விஷயம். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். என் இரண்டாவது வேலையில், ஒரு தனியார் நர்சிங் ஹோமில், எவ்வித ரசீதும் இல்லாமல் பட்டயச் சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, அலுவலகச் சாவி இருப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். மறுநாள் அவர் வந்தும் பீரோவில் தேடுகிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் என் அப்பா வந்து வாசலிலேயே உட்கார்ந்த பிறகுதான் கிடைத்தது. சரிபார்ப்பு நாள் அதற்கு முந்தைய நாளோடு முடிந்திருந்தது.

பாண்டைப் பொறுத்தவரை, கையெழுத்திடும் முன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அது மாதம் ஆக ஆகக் குறையுமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு, நைட் டியூட்டிகள் மாதத்துக்கு எத்தனை, ஹாஸ்டல் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சம்பளத்தில் பிடிக்கப்படுமா ஆகியவை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் சம்பளத்துக்கும் கையில் வருவதற்கும் இடையே ஹாஸ்டலும் மெஸ்ஸும் நிற்கின்றன. படிக்க ஒரு நாள்கூடத் தரமாட்டோம் என்பவர்களிடம், மன்னிக்கவும் என்று எழுந்துவிடுங்கள்.

வாசகி, உதகமண்டலம்

2025 ஏப்ரலில் இங்கே 700 படுக்கைகளோடு புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே நேரில் போய் விண்ணப்பம் கொடுத்தால் வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அரசுச் செவிலியர் பணியிடங்கள் 2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கை வழியாகவே நிரப்பப்படுகின்றன. அதுதவிர, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் ஒப்பந்த அடிப்படையிலான இடங்களுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அவ்வப்போது விண்ணப்பம் கோரும். அந்த அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வெளியாகும். அவகாசம் பெரும்பாலும் குறைவு என்பதால் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்க வேண்டாம். 'உள்ளே ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால், அவருக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காதீர்கள். அரசு வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தை வீட்டில் கழிக்காமல் தனியார் மருத்துவமனையில் கழியுங்கள்.

வாசகர், பந்தலூர்

நான் ஆண் செவிலியர். விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை. எங்களை எடுக்கமாட்டார்களா?

பதில்: தம்பி, எடுப்பார்கள், பிரிவு பார்த்து எழுத வேண்டும். அவசர சிகிச்சை, எலும்பு முறிவு, டயாலிசிஸ், மனநலம், தீவிர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் ஆண் செவிலியர் தேவைப்படுவது அதிகம். சிறிய மருத்துவமனைகள் பல தயங்குவதற்குக் காரணம், அவற்றின் ஹாஸ்டல் பெண்களுக்கு மட்டுமானது என்பதே. 'வெளியில் அறை எடுத்துத் தங்கிக்கொள்வேன்' என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்துப் பாருங்கள்.

வாசகி, குன்னூர்

அடுத்த வாரம் கோவையில் காலை ஒன்பது மணிக்கு முதல் நேர்காணல். அப்பாவும் உடன் வருகிறேன் என்கிறார். தவறாக நினைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். அப்பா வரட்டும், நீங்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் அவர் ஹாஸ்டலைப் பார்த்து, வார்டனிடம் பேசி, இரவு டியூட்டி முடிந்து வரும் பெண்கள் எந்த வழியாக நடந்து வருகிறார்கள் என்று பார்த்துவைக்கலாம். நேர்காணல் அறைக்குள் மட்டும் நீங்கள் தனியாகப் போக வேண்டும். சம்பளப் பேச்சையும் நீங்களே பேச வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையை நம்பி அதிகாலை பஸ் ஏறாதீர்கள். ஒரு மரம் விழுந்தாலும் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். முந்தைய நாள் மாலையே இறங்கி, உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். அசல்கள் ஒரு கோப்பிலும் இரண்டு செட் நகல்கள் இன்னொன்றிலும் இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்; வளையலும் மோதிரமும் வேண்டாம். செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வில் நாடித்துடிப்பை எண்ணச் சொன்னால், செல்பேசியைத் தேடிப் பையைத் துழாவ வேண்டியிருக்காது.